நாய்க்கு வைத்த வஞ்சிரம்

"நாய்க்கு என்ன முள்ளு?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆட்டோக்காரர் கேட்டார். வாட்ச்மேன் கேட்டார். மாடி வீட்டு ஆன்ட்டி கேட்டார். ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்திலிருந்து போனில் என் கணவரும் கேட்டார். கேட்ட எல்லோருக்கும் லேசான சிரிப்பு வேறு. மீன் முள்ளைத் தின்னத்தானே நாய், அதற்குப் போய் இந்தப் பெண் இப்படிப் பதறுகிறாளே என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிறது.

எங்கள் நாய் எனக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்தவன். கணவர் தனியாக இருந்த காலத்தில், ஒரு மழை நாளில் பைக்குக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி. நான் கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. என் மகள் முதலில் பிடித்து நின்றது அவன் முதுகைத்தான். அவனுக்குக் கோழி ஒத்துக்கொள்ளாது. தின்றால் உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து காதோரம் புண்ணாகிவிடும். அடையாறில் நாங்கள் காட்டும் மருத்துவர், ஒரு பெண்மணி, கோழியை நிறுத்திவிட்டு மீன் கொடுக்கச் சொன்னார். எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். கையில் வேறு தாள் இல்லாததால் மகளின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன் போதும். வெறும் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, குழம்பில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் ஆகாது. பச்சை மீன் வேண்டாம், கருவாடு கூடவே கூடாது. இறால் கொடுத்தால் தலை, ஓடு, வால் மூன்றையும் நீக்கிவிட்டு ஒன்றிரண்டு. முள்ளைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "வெந்த முள்ளு பச்சை முள்ளைவிட மோசம்மா. பொரிச்சது அதைவிட மோசம். வெறைச்சு நிக்கும். கண்ணால பாத்து எடுத்துட்டேன்னு நினைக்காதீங்க, விரலால தடவிப் பாருங்க."

நான் படித்தவள். எழுதினால் ஒழுங்காக எழுதுவேன். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பெரிய எழுத்தில், வேண்டியதைப் பச்சையிலும் கூடாததைச் சிவப்பிலும் எழுதி, நங்கநல்லூர் ஆஞ்சநேயர் படம் போட்ட காந்தத்தை வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினேன்.

என் மாமியார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தி.நகரில் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை உண்டு, அதை இப்போது மூத்த மகன் பார்த்துக்கொள்கிறார். மகள் பிறந்த பின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் எங்களோடு வந்துவிட்டார். மீன் அவருக்குக் காய்கறி மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு செவுளைத் தொட்டுப் பார்த்து எந்த மீன் நேற்றையது, எது இன்றையது என்று சொல்லிவிடுவார். அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது யாருக்கு? எனக்கா?"

"எல்லாருக்கும்தான் அத்தை. எனக்கே மறந்துடும்னு..."

"நான் என்ன மீனையே பாக்காதவளா? வாரவங்க போறவங்க பாத்தா என்ன நினைப்பாவ? மருமக மாமியாருக்கு நோட்டீஸ் ஒட்டிருக்கான்னுதான் நினைப்பாவ."

அன்று சாயங்காலமே கழற்றிவிட்டேன். நல்ல மருமகள். ஆஞ்சநேயர் மட்டும் எதையும் பிடிக்காமல் ஃப்ரிட்ஜ் கதவில் தனியாக நின்றார். யார் மீது கோபம் என்று என்னைக் கேட்டால், அந்தத் தாளைக் கழற்றிய கையின் மீதுதான் முதல் கோபம்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது. முட்டைகூட வாசற்படி தாண்டாது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எங்கள் அடுக்ககத்தில் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் ஆவணி கடைசி நாள் என்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வேலை, ஃப்ரீசரைக் காலி செய்வது. மறுநாள் முதல் மீன் வாடையே இருக்கக் கூடாது என்பதால் உறைந்து கிடப்பதை எல்லாம் எடுத்துப் பொரித்து, குழம்பு வைத்து, தின்று தீர்த்துவிட்டு, ஃப்ரிட்ஜைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, மாலை விளக்கேற்றுவதற்குள் பளபளவென்று வைத்துவிடுவார்கள். எனக்கும் அந்த நாள் பிடிக்கும். கல்யாண வீடு மாதிரி மூன்று மாடியும் மணக்கும்.

அன்று கோபாலபுரத்தில் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். விளையாட்டுப் பள்ளிதான் என்றாலும் போகாமல் இருந்தால் என் மகளை மட்டும் ஏதோ குறைத்து எடைபோடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம். போனேன். குழந்தை மற்ற குழந்தைகளோடு பகிர்ந்துகொள்ளப் பழக வேண்டும் என்பது பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, மதியம் ஒன்றரை மணிக்கு வீட்டுப் படியேறினேன்.

வாசலுக்கு உள்ளே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நாயின் தட்டு. அதைச் சுற்றி மூன்று பாத்திரங்கள். ஒன்று எங்களுடையது. ஒன்று மாடி வீட்டு ஆன்ட்டியின் எவர்சில்வர் தூக்கு. இன்னொன்று எதிர் வீட்டுப் பிளாஸ்டிக் டப்பா. மூன்றும் நக்கித் துடைக்கப்பட்டிருந்தன. தரையில் ஒரே ஒரு நண்டுக் கால் கிடந்தது. நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். அவன் மூக்கில் மஞ்சளாகக் குழம்பு.

"அத்தை, இவனுக்கு என்ன வெச்சீங்க?"

"என்ன இப்படிப் பாக்க? நாளைக்குப் புரட்டாசி பொறக்கு. மிஞ்சினதைக் குப்பையிலயா கொட்டச் சொல்லுத? வாயில்லா ஜீவன், ஒரு மாசத்துக்கு அதுக்கும் கெடையாதுல்லா. அதான் எல்லாருமாச் சேர்ந்து வச்சோம்."

"எல்லாரும்னா?"

"மாடியில இறால் இருந்துச்சாம். எதுத்த வீட்ல நண்டு. நம்ம வீட்ல வஞ்சிரம், நாலு துண்டு. பொரிச்சு, சோத்துல பிசைஞ்சு போட்டேன். அதுக்கு இன்னைக்குத்தான் தீபாவளி."

நான்கு துண்டு வஞ்சிரம். ஒவ்வொரு துண்டிலும் நடுவில் அந்த உருண்டையான முதுகெலும்பு. அதே மாமியார், அதே காலையில், அதே வஞ்சிரத்தை என் மகளுக்கு எப்படி ஊட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சதையை உதிர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கி நசுக்கிப் பார்த்து, பிறகு தன் வாயில் ஒரு துளி போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஊட்டுவார். முள்ளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாய்க்கு என்று வரும்போது அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தரையைத் துடைத்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ, நான்தான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேனோ என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

மூன்றரை மணிக்கு அவன் கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்கப் பார்த்தான். வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி இறங்கியது. முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டான். சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்தான், உடனே எழுந்து வந்தான், சுவரைப் பார்த்து நின்றான். கணவருக்குப் போன் செய்தேன்.

"முள்ளு மாட்டியிருக்கும்ங்க."

"நாய்க்கு என்ன முள்ளு? சோத்து உருண்டை குடு. நமக்கு மாட்டினா அதைத்தானே பண்ணுவோம்? எறங்கிடும்."

மாமியார் அதற்குள் வெறும் சோற்றை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். நல்ல இறுக்கமான உருண்டை. "நீ குடு. உன் கையால குடுத்தாத்தான் அது வாங்கும்" என்றார். உண்மைதான், வாங்கினான். அவனுக்கு விழுங்கவே முடியவில்லை. ஆனாலும் நான் கொடுத்ததால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். விழுங்கிய பிறகு ஒரு சத்தம் போட்டான். அதுவரை அவனிடம் கேட்டிராத சத்தம். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்து மருத்துவரைக் கூப்பிட்டேன். "எதையும் உள்ள தள்ளாதீங்க. தண்ணிகூட வேண்டாம். உடனே கொண்டுவாங்க" என்றார். உருண்டை கொடுத்ததைச் சொன்னேன்.

மகளையும் தூக்கிக்கொண்டேன். "பிள்ளையை ஏன் கொண்டுபோறே, நான் பாத்துக்கிட மாட்டேனா?" என்று மாமியார் கேட்டார். இரண்டரை வருடமாக என் மகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அன்று ஒரு நாள் அவர் கையில் விட எனக்கு மனம் வரவில்லை. அது அநியாயம் என்று அப்போதே தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

இரண்டு ஆட்டோக்கள் நாயைப் பார்த்ததும் நிற்காமல் போயின. மூன்றாவது நின்றது.

"கடிக்குமாம்மா?"

"இல்லைங்க, முடியாம இருக்கு."

"சீட்டுல ஏத்தாத, கீழ குந்த வெய்யி. இன்னா ஆச்சு அதுக்கு?"

"மீன் முள்ளு."

அவர் திரும்பியே பார்த்துவிட்டார். "நாய்க்கு இன்னாம்மா முள்ளு? எங்க ஏரியா நாய்ங்கல்லாம் தலையோட துன்னுது. நீங்க பணக்கார நாயா வளத்து வெச்சிக்கீறீங்க."

அடையாறு பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. என் காலடியில் அவன் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். என் மகள் குனிந்து அவன் காதைப் பிடித்துக்கொண்டு, நான் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் சொல்வதைப் போலவே, "சரியாப் போயிடும், சரியாப் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இதைப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு முன்னால் நின்ற காரைப் பார்த்துத்தான் கத்தினார்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வஞ்சிரத்தின் முதுகெலும்புத் துண்டு உணவுக்குழாயில் நெஞ்சுக்கு நேராக மாட்டியிருந்தது. மேலே எங்கேயோ நின்றிருந்ததைச் சோற்று உருண்டை கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்றார் மருத்துவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"யார் குடுத்தது?"

"நாங்கதான்" என்றேன்.

குழாய் விட்டு எடுக்கலாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டும், உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். கையெழுத்துப் போட்டேன். வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம். மகள் பிஸ்கட் தின்றுவிட்டு என் மடியில் தூங்கிவிட்டாள். எடுத்த முள்ளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். என் கட்டைவிரல் நகம் அளவுதான், இரண்டு பக்கமும் கூர். ஓட்டை விழவில்லை. கீறல்தான். பத்து நாளைக்குக் கஞ்சி மாதிரி எதையாவது கொடுங்கள், பிறகு பழையபடி கொடுக்கலாம் என்றார்கள். கணவர் நேராக அங்கே வந்திருந்தார். டப்பாவை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா?" என்றார். அவரை அந்த நிமிடம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அறியாமல் செய்தது, ஆசையாகச் செய்தது என்று விட்டிருப்பேன். விடுவதில் நான் கெட்டிக்காரி.

மறுநாள், புரட்டாசி முதல் நாள், காலையில் குளித்து நெற்றியில் திருமண் வைத்துக்கொண்டு மாமியார் தூத்துக்குடியில் இருக்கும் தன் தங்கையிடம் போனில் பேசினார். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதை ஏன் கேக்க... அசந்த நேரம் பாத்து அடுப்படியில புகுந்து திருடித் தின்னுட்டு. ஆமா, வஞ்சிரம். தட்டோட. இவ வேற பள்ளிக்கூடம் போயிட்டாளா..."

சட்டையைப் பாதி மடித்தபடியே நின்றேன். திருடித் தின்றுவிட்டதாம். ஐந்து வருடமாக மேஜை மேல் இருந்து ஒரு பருக்கை எடுத்திராத நாய். தட்டில் போட்டாலும், "ம்" என்று சொன்னால்தான் வாயை வைப்பான். போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் விரத நாளில் சண்டை என்று ஆகும். இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

ஒரு வாரத்தில் அந்தக் கதை மாடிக்கு ஏறி, கீழே இறங்கி, கேட்டுக்கு வந்துவிட்டது. "மேடம், நாய் அடுப்புல இருந்தே இழுத்துடுச்சாமே, கட்டிப் போட்டு வைங்க" என்றார் வாட்ச்மேன். மாடி வீட்டு ஆன்ட்டி, தன் தூக்கை நக்கவிட்டவர், அவனைப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னார். நான் எல்லோரிடமும் தலையாட்டினேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். "அம்மா சும்மா சொல்லியிருப்பாங்க. நாய்க்கு என்ன, மானநஷ்டமா?" என்று சிரித்தார்.

நாய்க்கு மானம் இல்லை. சரி. ஆனால் நாய் திருடன் என்று ஆகிவிட்டால் யாரும் எதையும் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. யாரும் எதையும் செய்யவில்லை என்றால் அடுத்த ஆவணிக் கடைசியிலும் அதே மூன்று பாத்திரங்கள் வரும். இது யாருக்குமே புரியவில்லையா, இல்லை நான்தான் அதிகம் யோசிக்கிறேனா என்று அந்த மாதம் முழுக்கக் குழம்பினேன். அவன் கஞ்சியும் தயிர்ச் சோறும் தின்றான். காதோரம் முடி மறுபடி அடர்ந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் மகள் அவன் முன்னால் உட்கார்ந்து, பாட்டியின் விரலைப் போலவே விரலை ஆட்டி, "திருடன்! மீன் திருடன்!" என்றாள். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வாலை ஆட்டினான்.

புரட்டாசி முடிந்து முதல் ஞாயிறு. பட்டினப்பாக்கத்திலிருந்து வழக்கமாக வரும் மீன்காரம்மா காலை எட்டரைக்கே கூடையோடு வந்துவிட்டார்.

"இன்னாம்மா, ஒரு மாசமாச்சு, மூஞ்சே மறந்துபூட்ச்சு. நாய் எப்பிடி கீது? முள்ளு மாட்டிக்கிச்சாமே?"

"உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா? நீங்களும் நாய்க்கு என்ன முள்ளுன்னு கேளுங்க. உங்க பக்கத்துல எல்லாம் நாய் தலையோட திங்குதாமே."

அவர் மத்தியை அள்ளித் தட்டில் போட்டபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துன்னுது. துன்னுட்டு எத்தினி செத்துச்சுன்னு எவன் எண்ணிக்கினு இருந்தான்? செத்த நாயி எந்திரிச்சு வந்து சொல்லுமா, முள்ளு மாட்டிச் செத்தேன்னு? சும்மா பேசுவாங்கம்மா. தலையைக் கிள்ளிக் குடுத்துடவா?"

மருத்துவரை விட்டால், இத்தனை நாளில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

மதியம் பன்னிரண்டரைக்கு அழைப்பு மணி. மாடி வீட்டு ஆன்ட்டி. கையில் அதே எவர்சில்வர் தூக்கு, மூடி போட்டு.

"இந்தாம்மா, நம்ம திருடனுக்கு! நானே கொண்டாந்துட்டேன் பாரு, இனிமே அவன் திருட வேணாம்."

என் மகள் உள்ளேயிருந்து "திருடன், திருடன்" என்று குதித்துக்கொண்டு வந்தாள். மாமியார் அவள் பின்னால். கணவர் சோபாவில் போனோடு. நான் மூடியைத் திறந்தேன். பொரித்த சங்கரா மீன் தலைகள், நடு எலும்புகள், தலையோடு இரண்டு இறால், குழம்புச் சோறு.

"அவன் திருடலை, ஆன்ட்டி."

"அட, சும்மா சொன்னேன்மா..."

"இல்லை. திருடலை. நாமதான் வெச்சோம். எங்க வீட்டு வஞ்சிரம், உங்க வீட்டு இறால், எதிர் வீட்டு நண்டு. மூணு வீட்டு ஃப்ரீசரையும் அவன் வயித்துல காலி பண்ணினோம். அப்புறம் மாட்டிக்கிட்ட முள்ளை நானே சோறு குடுத்து உள்ள தள்ளினேன். அவன் செத்துப்போயிருப்பான். இதைக் கொண்டுபோயிடுங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. படிக்கட்டில் எதிரொலித்தது. எதிர் வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்தது எனக்குத் தெரிந்தது.

"நான் ஆசையாத்தானேம்மா கொண்டாந்தேன்" என்றார் ஆன்ட்டி. அவர் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. என் பிரசவத்தின்போது பத்து நாள் பத்தியச் சாப்பாடு அனுப்பியவர். அந்தத் தூக்கை நான் ஒரு நாளும் வெறுமனே திருப்பித் தந்ததில்லை, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவேன். அன்றும் வெறுமனே போகவில்லை. வந்தது வந்தபடியே மேலே போயிற்று.

கதவைச் சாத்தினேன்.

"வாசலுக்கு வந்தவங்ககிட்ட இப்படியா பேசுவ?" என்றார் மாமியார்.

"நீங்க போன்ல மாத்திச் சொன்னதை நான் இருந்தபடி சொன்னேன் அத்தை. அவ்வளவுதான்."

"விடேன்மா" என்றார் கணவர். எந்த அம்மாவைச் சொன்னார் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அவன் திருடன் இல்லை. நாமதான் தப்பாக் குடுத்தோம்" என்று சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். பழைய தாள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. புதிதாக எழுதி, ஆஞ்சநேயருக்கு அடியில் வைத்தேன். முன்பைவிடப் பெரிய எழுத்து. மாமியார் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, கழற்றச் சொல்லவும் இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாடியிலிருந்து ஆன்ட்டியின் குரல்கூடக் கேட்கவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ, அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமோ என்று ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். முதல் தடவை மெதுவாகத்தான் ஒரு தாளில் எழுதி மாட்டியிருந்தேன். அதை ஞாபகப்படுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மாமியாரின் தங்கை போன் செய்தார். நான் சமையலறையில் அவனுக்கு வேகவைத்த மத்தியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நாய் எப்படி இருக்கிறது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுவாத் திருடலையாம்ளா. நாங்க வச்சதுதானாம். எவ வச்சா என்ன, இப்ப நல்லாத்தான் இருக்கு."

எவ வச்சா என்ன. சதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினேன். மயிர் மாதிரி ஒரு முள் அகப்பட்டது. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தேன். அவன் என் காலடியில், "ம்" என்று நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆவணிக் கடைசி நாளில் எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிட்டாலும் நான் வீட்டைவிட்டுப் போவதாக இல்லை.